நாலாவது துளை

பினாங்கின் ஜெலுத்தோங் பட்டறை வரிசையில் அர்ஜுனனைத் தெரியாதவர்கள் இல்லை. தெரிந்தவர்களில் பாதிப் பேர் ஒரு முறையாவது அவன் கையால் அடி வாங்கியவர்கள். மீதிப் பேர் அவனை அடித்தவர்கள். இடது புருவத்தில் ஒரு வெட்டு. முன்பல் இரண்டும் கட்டியவை. விலாவில் கத்தி இறங்கிய இடத்தில் பெருவிரல் அகலத்துக்குப் பளபளவென்று தோல். ஐம்பத்தொரு வயதில் இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு அவன் பாட்டுக்குத் திரிந்தான். அதைப் பற்றி அவனுக்கு வெட்கமும் கிடையாது, பெருமையும் கிடையாது.

அவன் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வேலை முடிந்து வந்தால் முதலில் குளிப்பார், பிறகு குடிப்பார், பிறகு இடுப்புப் பெல்ட்டைக் கழற்றுவார். பதினைந்தாவது வயதில் அர்ஜுனன் அந்தப் பெல்ட்டைப் பிடுங்கி அவரைத் திருப்பி அடித்தான். அன்றைக்கு வீட்டை விட்டு இறங்கியவனைச் சேர்த்துக்கொண்டவன் மோகனராஜ். அதே அடுக்குமாடியில் மூன்றாவது மாடிக்காரன், இவனைவிட இரண்டு வயது மூத்தவன், ஒரு சின்னக் கூட்டத்துக்குத் தலைவன். கூட்டத்தில் அர்ஜுனனுக்கு ஒரே வேலைதான். மோகனராஜ் கை காட்டும் ஆளை அடிக்க வேண்டும். அப்படி அடித்ததில் ஒருவனுக்கு ஒரு கண் போனது. அர்ஜுனன் மூன்று வருடம் சிறைக்குப் போனான். மோகனராஜ் போகவில்லை. கை காட்டுகிறவர்கள் என்றைக்குப் போயிருக்கிறார்கள்?

சிறைக்குள்தான் நசுங்கிய தகடு தட்டி நிமிர்த்தும் வேலையைக் கற்றுக்கொண்டான். வெளியே வந்து புஷ்பவள்ளியைக் கட்டினான். அவள் பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் குறை பார்க்கிறவள். நாள் முழுக்கப் பூதக்கண்ணாடிக்கு அடியில் பலகைகளைப் பார்த்து, எதில் ஈயம் சரியாக ஒட்டவில்லை என்று பிரித்து வைப்பாள். கல்யாணத்துக்கு முன்பே ஒரு நிபந்தனை போட்டாள். "அடிக்காம இருக்க முடியலன்னா தகரத்த அடிங்க. மனுசன அடிச்சீங்கன்னா நான் கெளம்பிடுவேன்." இருபத்துமூன்று வருடமாக அவன் தகரத்தை அடித்தான். அப்படி ஒன்றும் முழுசாகச் சொல் காக்கவில்லைதான், ஆனால் கணிசமாகக் குறைத்துக்கொண்டான்.

பத்து வருடத்துக்கு முன்பு மோகனராஜ் மறுபடி வந்தான். இப்போது வெள்ளைச் சட்டை, நல்ல கார், வாயில் மரியாதை. பழைய ராணுவ வண்டிகளை வாங்கி விற்கிறானாம். ஜீப்பு, லாரி, கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் போலீஸ் ஓட்டிய இரும்புக் கவச வண்டிகள். இதற்கென்று பைத்தியம் பிடித்த பணக்காரர்கள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், பினாங்கிலேயே இருக்கிறார்கள். ஒரு ஆணியின் தலை வட்டமா, ஆறு மூலையா என்று பார்த்து, இது அந்த வருடத்து ஆணி இல்லை என்று முகம் சுளிக்கிற ஆட்கள். அவர்கள் உலகத்தில் கொலைகாரன் என்று சொன்னால்கூடச் சிரித்துக்கொள்வார்கள். 'டூப்ளிகேட்' என்று சொன்னால் கோர்ட்டுக்குப் போவார்கள்.

இப்படிப்பட்டவர்களின் கண்ணைக் கட்டத்தான் மோகனராஜுக்கு அர்ஜுனனின் கை தேவைப்பட்டது. கதவு இல்லாத ஜீப்புக்குக் கதவு, துருவேறிப் போன பெயர்ப்பலகைக்குப் பதில் அதே துருவோடு இன்னொன்று. அர்ஜுனனுக்கு இதில் உறுத்தல் எதுவும் இருந்ததில்லை. காணாமல் போனதைச் செய்து கொடுப்பது என்ன பாவம் என்று நினைத்தான். அவன் கெட்டிக்காரன், அதில் சந்தேகமே இல்லை. கெட்டிக்காரர்கள் செய்கிற தப்பைத்தான் ஊர் தாங்காது.

அவனுக்குப் பேர் வாங்கித் தந்தது குண்டுத் துளை. மற்ற பட்டறைக்காரர்கள் துளையிடும் கருவியை வைத்து ஓட்டையைப் போட்டுவிட்டு, குண்டு பாய்ந்தது என்பார்கள். பார்த்த உடனே சிரிப்பு வரும். அர்ஜுனன் தகட்டைச் சிவக்கக் காய்ச்சி, அதில் கூர் உளியை நிறுத்தி, பெரிய சுத்தியலால் ஒரே அடி அடிப்பான். ஒரே அடிதான், இரண்டாவது அடித்தால் துளை செத்துவிடும். முன்பக்கம் இரும்பு உள்ளே குழிந்து, பின்பக்கம் கிழிந்து விரிந்து பூத்து நிற்கும். பூ எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகக் குண்டு வெளியேறியது என்று அர்த்தம். அந்த ஒரு அடிக்கு அவன் யாரையாவது நினைத்துக்கொள்வான். பெரும்பாலும் அப்பாவை. சில நாள் மோகனராஜை.

இரண்டு வருடத்துக்கு முன்பு மோகனராஜ் ஒரு கவச லாரியைக் கொண்டு வந்து இறக்கினான். கெடாப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் செடி முளைத்துக் கிடந்தது. அவசரகாலத்தில், 1951இல், தோட்டத்துச் சம்பளப் பணத்தை ஏற்றிக்கொண்டு போனபோது காட்டிலிருந்து சுட்டார்கள் என்றும், பின்னால் பணத்தோடு காவலுக்கு இருந்த ஒரே ஆள் செத்தார் என்றும் காகிதம் இருந்தது. அடிச்சட்டம், எஞ்சின், எண் எல்லாம் அசல். சந்தேகத்துக்கு இடமே இல்லாத அசல்.

ஆனால் மோகனராஜுக்கு ஒரு குறை. வலதுபக்கக் கவசத் தகட்டில் துளையே இல்லை. நாலு ஒட்டுகள்தான் இருந்தன. அந்தக் காலத்திலேயே யாரோ துளைகளின் மேல் சின்னச் சின்னத் தகடு வைத்து, கோணல் மாணலாக வெல்டிங் செய்து, வண்டியை மறுபடி ஓட்டியிருக்கிறார்கள்.

"இத எவன்டா பாப்பான்? சண்டையில அடிபட்ட வண்டின்னா தொளை தெரியணும் லா," என்றான் மோகனராஜ்.

அர்ஜுனன் அந்த ஒட்டுகளைப் பார்த்தான். படுமட்டமான வேலை, கை நடுங்கியவன் செய்த வெல்டிங் என்று அவனுக்கு எரிச்சல் வந்தது. அந்த வலதுபக்கத் தகட்டை முழுசாக வெட்டி எடுத்தான். புதுத் தகடு வைத்து அதில் பதினொரு துளைகள் அடித்தான். பதினொன்றும் அருமையான துளைகள். வெட்டிய தகட்டைப் பழைய இரும்போடு இரும்பாக சிம்பாங் அம்பாட் கடைக்கு ஏற்றிவிட்டான். அடிபட்ட வண்டியை மறுநாளே ஒட்டி ஓட்டியவனின் கை அடையாளம்தான் அசல் என்பது அவன் புத்தியில் ஏறவில்லை. தகடு தட்டுகிறவனுக்கு மட்டமான ஒட்டைக் கண்டால் பிய்த்து எறியத்தான் தோன்றும்.

லாரியை வாங்கியவர் யூசுப் பாய். ஜார்ஜ் டவுனில் மூன்று நாசி கண்டார் சோற்றுக் கடைகள் வைத்திருப்பவர். ஆயர் ஈத்தாமில் வீட்டுக்குப் பின்னால் பெரிய கொட்டகை கட்டி ஒன்பது வண்டிகளை நிறுத்தியிருந்தார். நல்ல மனுஷன். ஆனால் அசல் என்று வந்துவிட்டால் ஈவு இரக்கம் பார்க்க மாட்டார். ஒரு தடவை தான் ஏமாந்து வாங்கிய ஜீப்பைத் தன் கையாலேயே கோடாலி கொண்டு வெட்டிப் போட்டார் என்று சொல்வார்கள்.

இந்த ஆகஸ்டில் யூசுப் பாய் பாடாங் கோத்தா திடலில் தன் வண்டிகளை நிறுத்தி மக்களுக்குக் காட்டினார். கவச லாரிக்கு முன்னால் ஒரு பலகை. எதுவும் மாற்றப்படாதது என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அர்ஜுனன் புஷ்பவள்ளியைக் கூட்டிக்கொண்டு போனான். இது அவனுடைய ரகசியப் பழக்கம். தன் துளைகளுக்குப் பக்கத்தில் நின்று, அதில் விரலை விட்டுப் பார்த்து "ஐயோ" என்கிறவர்களின் முகத்தை ரசிப்பான். புஷ்பவள்ளிக்கு இது பிடிக்காது, ஆனாலும் வருவாள்.

அப்போது ஒரு பெரியவர் மகளோடு வந்தார். எழுபது தாண்டியவர், கையில் நீளக் குடை, மகள் கையில் சாமந்தி மாலை. பெயர் வாசு என்றும், லாரியில் செத்த காவலாளி வீரய்யா தன் அப்பா என்றும் யூசுப் பாயிடம் சொன்னார். பாய் அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தார். வாசு மாலையைப் போடாமல் வண்டியின் வலதுபக்கம் போனார். தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மேலும் கீழும் தடவினார்.

"இங்க நாலு ஒட்டு இருக்கணுமே," என்றார்.

பாய் குனிந்து தகட்டைப் பார்த்தார். பெரியவர் மேலே சொன்னார்.

"அப்பா செத்தப்ப எனக்கு ஒரு வயசு. இந்த லாரி திரும்பி வந்து பத்து வருசம் தோட்டத்துல ரப்பர் பால் ஏத்துச்சு. நான் அது பக்கத்துல நின்னு அந்த நாலையும் தொட்டுத் தொட்டுப் பாப்பேன். இது என்னா சல்லடை மாதிரி? இது அந்த லாரியே இல்ல. டூப்ளிகேட்!"

கடைசிச் சொல்லைக் கத்திச் சொன்னார். திடலில் இருந்தவர்கள் திரும்பினார்கள். யூசுப் பாயின் முகம் செத்துப்போனது. வண்டியை விற்றவன் என்று அங்கே வந்து நின்றிருந்த மோகனராஜ் பாய்ந்து வந்து, "பெருசு, வாய மூடு லா," என்று பெரியவரின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். வாசு பின்னால் சாய்ந்து விழுந்தார். வண்டியின் முன்கம்பியில் பின்மண்டை மோதிய சத்தம் எல்லாருக்கும் கேட்டது. வெள்ளை முடிக்குள்ளிருந்து ரத்தம் காதுப் பக்கமாக இறங்கியது. மாலை மண்ணில் கிடந்தது.

அர்ஜுனன் மோகனராஜை அடித்தான். யோசித்து அடிக்கவில்லை. மூக்கில் விழுந்தது முதல் அடி, எலும்பு நொறுங்குவது கைக்குத் தெரிந்தது. இரண்டாவது வாயில். மூன்றாவதுக்குள் மோகனராஜின் ஆட்கள் இருவர் அவன் மேல் விழுந்தார்கள். ஒருவன் முதுகில் உதைத்தான், இன்னொருவன் அவன் முகத்தைக் காலால் புல்லில் அழுத்தினான். அவன் அந்தக் காலைக் கடித்தான். யூசுப் பாயின் கடைப் பையன்கள் ஆறு பேர் சேர்ந்து இழுத்துப் பிரிப்பதற்குள் புல் முழுக்க ரத்தம். யாருடைய ரத்தம் எது என்று சொல்ல முடியவில்லை.

யூசுப் பாய் மோகனராஜைப் பார்த்து மெதுவாகத்தான் பேசினார். "என் கடையில நேத்து கொழம்ப இன்னைக்கு கொழம்புன்னு ஊத்த மாட்டேன் மோகன். அந்த நாலு ஒட்டு போட்ட தகடு இருந்தா கொண்டா. அதை இந்தப் பெரியவர் தொட்டுப் பாத்து ஆமான்னு சொல்லட்டும். பத்து நாள் தாரேன். இல்லன்னா போலீஸ்."

மறுநாள் காலையிலேயே அர்ஜுனன் பாலத்தைத் தாண்டி சிம்பாங் அம்பாட் போனான். இரும்புக் கடைக்காரர் கையை விரித்தார். அந்த லோடு அப்போதே உருக்காலைக்குப் போய்விட்டதாம். இரண்டு வருடத்தில் அது எந்தக் கட்டடத்துக்குள் கம்பியாக நிற்கிறதோ. அர்ஜுனன் திரும்பி வரும் வழியெல்லாம் பிறை ஊர்ப் பக்கம் எழும்பும் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே வந்தான். நடந்தது என்ன என்று அன்றைக்குத்தான் அவனுக்கு முழுசாக உறைத்தது. அந்தக் கிழவர் தொட்டுத் தொட்டுப் பார்த்து வளர்ந்ததைத் தான் மட்டமான வேலை என்று பிய்த்து எறிந்திருக்கிறோம்.

அன்று மத்தியானமே மோகனராஜ் பட்டறைக்கு வந்தான். மூக்கில் கட்டு, கூடவே அந்த இரண்டு ஆட்கள். ஒருவன் நொண்டிக்கொண்டு வந்தான்.

"பழைய தகடு இல்லன்னா என்னா? செஞ்சு குடு. நாலு ஒட்டு, கேவலமான வெல்டிங், துரு. உனக்கு ஒரு நாள் வேல."

"செய்ய மாட்டேன்."

"ஏன், புதுசா நல்லவனாயிட்டியா?"

"அந்தப் பெரியவர்கிட்ட பொய்ய குடுத்துத் தடவச் சொல்ல மாட்டேன். போ லா."

சுத்தியல் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவன் அதை எட்டுவதற்குள் நொண்டிக்காரன் இரும்புக் குழாயால் அவன் முழங்காலின் பின்னால் அடித்தான். விழுந்தவனை இருவரும் சேர்த்து இழுத்து மேசைக்குக் கொண்டுபோனார்கள். வேலை மேசையில் தகட்டைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ் உண்டு. அதன் வாய்க்குள் அவன் இடது கைச் சுண்டுவிரலையும் மோதிர விரலையும் வைத்து மோகனராஜ் தன் கையாலேயே பிடியைத் திருகினான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் கை காட்டாமல் கை வைத்துச் செய்த வேலை அது. எலும்பு நொறுங்கியபோது அர்ஜுனன் போட்ட சத்தத்தில் எதிர்ப் பட்டறையில் கிரைண்டர் நின்றது. யாரும் வரவில்லை. இந்த வரிசையில் அடுத்தவன் அலறலுக்கு யாரும் வருவதில்லை, அவனும் போனதில்லை.

"எடது கைதான். சோறு திங்கிற கைய இன்னும் தொடல," என்றான் மோகனராஜ்.

அர்ஜுனன் தலையை ஆட்டினான். அவன் கோழை இல்லை, ஆனால் வலது கை போனால் அவன் யார்? அந்தக் கையை வைத்துத்தான் இருபத்துமூன்று வருடமாக மனிதனாக நடமாடிக்கொண்டிருக்கிறான். பயந்துவிட்டான். அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை.

விரல்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு நாலு நாள் வேலை செய்தான். புஷ்பவள்ளி தொழிற்சாலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து இடுக்கியைப் பிடித்துக்கொண்டாள். பழைய பாலத்து வேலையில் கழித்துப் போட்ட கால் அங்குலத் தகடு ஒன்று கிடைத்தது. காய்ச்சினான். முதல் துளையை அடித்தான். பிறகு இரண்டு, மூன்று. ஒவ்வோர் அடிக்கும் உடைந்த விரல்களில் மின்சாரம் பாய்ந்தது. அவன் மோகனராஜை நினைத்துக்கொண்டான்.

நாலாவதுக்கு உளியை நிறுத்தியபோது கை நின்றுவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்பு அந்தத் தகட்டை வெட்டி எடுத்ததும், உள்பக்கப் பலகையைப் பிடுங்கிவிட்டு அதன் பின்புறத்தைப் பார்த்திருக்கிறான். நிஜத் துளை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். மூன்று துளைகளின் பூ வண்டிக்குள்ளே விரிந்திருந்தது. கீழே, ஆள் உட்கார்ந்தால் இடுப்பு வரும் உயரத்தில் இருந்த நாலாவதுக்கு உள்ளே குழிதான் இருந்தது. வெளிப்பக்க ஒட்டைத் தட்டி எடுத்துப் பார்த்தால் பூ வெளியே இருந்தது. எவனோ தோட்டத்துப் பட்டறைக்காரன் தப்பாகக் குடைந்திருக்கிறான் என்று அப்போது சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

இப்போது தகட்டைத் திருப்பிப் போட்டு, நாலாவதை மட்டும் உள்ளிருந்து வெளியே அடித்தான். தப்பாக இருந்தால் தப்பாகவே இருக்கட்டும் என்று நினைத்தான். ஒட்டுகளை வைத்து, கை நடுங்கியவனின் வெல்டிங்கை அச்சாக அப்படியே செய்தான். இந்தத் தடவை நடிக்க வேண்டியிருக்கவில்லை, கை தானாகவே நடுங்கியது. நாலாவது ஒட்டை மட்டும் அன்றைக்குத் தட்டி எடுத்தது போலவே பாதி பெயர்த்து வைத்தான். உப்புத்தண்ணீரும் வினிகரும் ஊற்றி வெயிலில் போட்டு, திரும்பத் திரும்பத் துருவேற்றினான்.

புஷ்பவள்ளி தொழிற்சாலைக் கண்ணோடு அதைப் பார்த்தாள். "கொற ஒன்னும் இல்லீங்க. அதான் பயமா இருக்கு," என்றாள். பிறகு, "அந்தப் பெரியவர்கிட்ட சொல்லிடுங்க," என்றாள். அவன் தகட்டின் மேல் இன்னொரு தடவை வினிகர் ஊற்றினான்.

பத்தாவது நாள் ஆயர் ஈத்தாம் கொட்டகையில் எல்லாரும் கூடினார்கள். மோகனராஜ், அவன் ஆட்கள், யூசுப் பாய், தலையில் தையலோடு வாசு, அவர் மகள் தனுஜா. தகடு மேசை மேல் இருந்தது. மோகனராஜ் அர்ஜுனனின் வலது கையை ஒரு முறை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

வாசு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை வைத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவதில் கை நின்றது. உதடு கோணியது.

"இதுதான் பாய். இதுதான்," என்று சொல்லி அழுதார். எழுபத்து நாலு வயதுக்காரர் விம்மி விம்மி அழுதார். யூசுப் பாயும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு வாசு பெயர்ந்திருந்த ஒட்டை நகர்த்தி, அடியில் இருந்த துளையைப் பார்த்தார். தகட்டைத் திருப்பச் சொன்னார். மறுபடி முன்பக்கம் பார்த்தார்.

"இது ஏன் வெளிய வந்திருக்கு?" என்றார்.

யூசுப் பாய் குனிந்து பார்த்தார். வண்டி பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. "உள்ளருந்து சுட்டிருக்காங்க, வாசு அண்ணே. உள்ள இருந்த ஆள் சுட்டது இது."

வாசு மேசையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவர் சொன்னதை யாரும் எதிர்பார்க்கவில்லை. வண்டியின் முன்னால் உட்கார்ந்திருந்து சண்டையில் தப்பித்த தோட்டத்து மேனேஜர், காவலாளி வீரய்யா துப்பாக்கியைப் போட்டுவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டான், ஒரு குண்டுகூடச் சுடவில்லை, படுத்த இடத்திலேயே செத்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். வாசுவின் அம்மாவுக்கு அரசாங்கத்திலிருந்து எதுவும் வரவில்லை. கோழை பெண்டாட்டி என்று தண்ணீர்க் குழாயடியில் அவள் முடியைப் பிடித்து இழுத்து அடித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அதே பேச்சைப் பேசிய பையனின் மண்டையை வாசு கல்லால் உடைத்து, அதற்காகப் பிரம்படி வாங்கியிருக்கிறார்.

"எங்கம்மா சாகுற வரைக்கும் அவர் போட்டோவ செவுத்துல மாட்டல. வெக்கம். அவரு சுட்டிருக்காரு பாய்! எங்கப்பா சுட்டிருக்காரு!"

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை அர்ஜுனன் பார்த்தான். யூசுப் பாய், இதைப் பலகையில் எழுதி வைப்போம், பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடுவோம், கோலாலம்பூரிலிருந்து ஆள் வரவழைத்துச் சோதித்துச் சான்றிதழ் வாங்குவோம் என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனார். சோதித்தால் இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். புது வெல்டிங் கம்பி, பாலத்து இரும்பு, வினிகர் துரு. அன்றைக்கு வீரய்யா சுட்டதும் சேர்ந்தே பொய்யாகிவிடும். ஊர் கூடிச் சிரிக்கும். இந்தக் கிழவர் இன்னொரு தடவை கோழையின் மகன் ஆவார்.

இப்போதே சொன்னால்? இந்த முகம் அணைந்துவிடும். அதையும் தன் கையாலேயே செய்ய வேண்டும்.

"ஐயா," என்றான் அர்ஜுனன். "இந்தத் தகட்ட நான்தான் செஞ்சேன். போன வாரம். அசல் தகட்ட ரெண்டு வருசத்துக்கு முன்ன நான்தான் வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டேன். அது உருகிப் போச்சு."

மோகனராஜ் மேசையைத் தாண்டிப் பாய்ந்தான். யூசுப் பாய் குறுக்கே நின்று அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அறுபது வயது மனிதர், நாற்பது வருடம் குழம்புச் சட்டி தூக்கிய கை. கட்டுப் போட்ட மூக்கிலிருந்து மறுபடி ரத்தம் கொட்டியது. பாயின் ஆட்கள் மூவரையும் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ போலீஸுக்குப் போன் செய்தார்கள்.

வாசு இதெல்லாம் எதையும் பார்க்கவில்லை. அர்ஜுனனை மட்டும் பார்த்தார். பிறகு குடையைத் தூக்கி அடித்தார். முதல் அடி தோளில். இரண்டாவது காதில். மூன்றாவது கட்டுப் போட்ட கையில் விழுந்தபோது அர்ஜுனன் முழங்கால் போட்டான். கையைத் தூக்கித் தடுக்கவில்லை. வாங்க வேண்டியதை வாங்குகிறோம் என்று மட்டும் நினைத்தான். தனுஜா "அப்பா, போதும்ப்பா!" என்று இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தாள். குடைக் கம்பி வளைந்து, துணி கிழிந்து, இனி அடிக்க முடியாது என்றான பிறகுதான் பெரியவர் நிறுத்தினார். மூச்சு வாங்கியது.

"அந்தத் தொளை," என்றார். "நாலாவது. அதையும் நீயா கற்பன பண்ண?"

"இல்லீங்கய்யா. மத்ததெல்லாம் பொய். அது நெசம். அசல் தகட்டுல அப்படித்தான் இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

"வேற யாரு பாத்தா?"

அர்ஜுனன் யோசித்தான். அந்தத் தகட்டின் பின்புறத்தைப் பார்த்த மனிதன் உலகத்தில் அவன் ஒருவன்தான். "யாரும் பாக்கலங்க. நான் மட்டுந்தான். சத்தியமாங்கய்யா, என் பொண்டாட்டி மேல சத்தியம்."

"கண்ண மூடித் தடவுனேன். ஆமான்னு என் கையே சொல்லிச்சு," என்றார் வாசு. இப்போது அவர் கத்தவில்லை, சத்தமே இல்லாமல் பேசினார். "எங்கம்மா தொட்டிருந்தாலும் ஆமான்னுதான் சொல்லிருப்பா. அவ்வளவு நல்லாச் செஞ்சிருக்க. இதுக்கப்புறம் உன் வாயால வர்றத நான் எதுல வச்சுடா நம்புறது?"

அர்ஜுனனின் காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

வாசு யூசுப் பாயின் பக்கம் திரும்பினார். "பலகையில எங்கப்பாவப் பத்தி ஒன்னும் எழுதாதீங்க பாய்," என்று சொல்லிவிட்டு, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். வெளியே கார் கிளம்பிப் போனது.

தகடு மேசை மேல் கிடந்தது. அர்ஜுனன் முழங்காலில் இருந்தபடியே அதைப் பார்த்தான். பெயர்ந்த ஒட்டுக்கு அடியில் நாலாவது துளை, உள்ளிருந்து வெளியே பூத்து நின்றது. வாழ்நாளில் அவன் அடித்த துளைகளிலேயே அதில்தான் ஒரு குறையும் சொல்ல முடியாது.